லாரி ஹாரனும் என் உள்ளுணர்வும்

என்னைப் போல அசட்டு ஆராய்ச்சி மாணவன் அகப்படுவது கடினம். எண்பதுகளில், லாரி டிரைவர்களின் மனைவிமாரைப் பற்றி ஆராய மல்லசமுத்திரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கேள்வித்தாள் வேண்டாம், உள்ளுணர்வே போதும் என்பது என் முறை.

ஒரு மாலை, என்னிடம் பேசிக்கொண்டிருந்த டிரைவர் வீட்டு அக்கா ஒருவர், ஹாரன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினார். லாரி நிற்காமல் போயிற்று. அவர் வெறும் சாலையையே பார்த்து நின்றார். என் நெஞ்சு கனத்தது. ஆய்வின் முடிவே கிடைத்துவிட்டது!

“உங்க தனிமை எனக்குப் புரியுதுங்கக்கா.”

“ஏனுங்க தம்பி, எனக்கென்ன தனிமை? ஊட்டுக்காரரு எனக்குன்னே ஹாரன் அடிச்சுட்டுப் போறாரு. சுத்தியும் சொந்தபந்தம்” என்று சிரித்தார்.

கனத்தது என் நெஞ்சு மட்டும்தான். அந்த ஊரில் என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.

“அப்ப எனக்குத்தான் யாருமில்லை போல” என்று அசடு வழிந்தேன்.

“அது பாத்தாலே தெரியுதுங்க.”