நீர்மூழ்கிக் கப்பலும் ஒரு முழங்காலும்

என் மனைவிக்கு வலது காலில் மாற்று மூட்டு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

நான் சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவள் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்று, தொண்டையும் முழங்காலும் தேய்ந்து வீட்டுக்கு வந்தவள். பையன் பெங்களூரில் இருக்கிறான். ஆபரேஷன் முடிந்ததும் வந்து, சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, இணைய இணைப்பும் கொடுத்து, "அம்மாவுக்குப் பொழுது போகும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிவி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். எனக்கு ரயில் வீடியோ பிடிக்கும். வெளிநாட்டில் பனிமலைக்கு நடுவே ஒரு ரயில் போகும். எஞ்சினுக்கு முன்னால் கேமரா வைத்திருப்பார்கள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. தண்டவாளம் வரும், பாலம் வரும், ஏரி வரும். மூன்று மணி நேரம் ஓடும். அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம், ஓய்வு பெற்றதும் இப்படிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் போனது செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரைதான். அவளையும் ஒரு முறை கூட்டிப்போனேன். "மரம் வருது, குகை வருது, திரும்ப மரம் வருது" என்று சொல்லிவிட்டுப் புனலூர் வருமுன்னே தூங்கிவிட்டாள்.

அவள் கண்டுபிடித்தது வேறு. கறுப்பு வெள்ளையில், போர்க்காலத்து நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிய பழைய வெளிநாட்டுப் படங்கள். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று தெரியவில்லை. சமையல் வீடியோ ஒன்று முடிந்து தானாக அடுத்தது ஓடியது என்கிறாள். சமையலுக்கும் நீர்மூழ்கிக்கும் என்ன தொடர்பு என்று அந்த டிவிக்குத்தான் தெரியும். ஒன்று பார்த்தாள், பத்து பார்த்தாள், பிறகு வேறு எதுவும் பார்க்கவில்லை.

எல்லாப் படத்திலும் கதை ஒன்றுதான். ஒரு குழாய் மாதிரி கப்பல். உள்ளே வியர்த்துப்போன ஆண்கள். மேலே எதிரிக் கப்பல் போகும். குண்டு போடுவான். விளக்கு அணையும், எங்கேயாவது தண்ணீர் பீய்ச்சும். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் ஒருநாள், "இதுல என்னத்தப் பாக்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கேப்டன் ஒத்த விரலத் தூக்குதான். அத்தன பேரும் வாய மூடுதான். பாத்தீயளா?" என்றாள். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை. அவள் வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருந்ததை நினைத்து நானும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சாயங்காலம் கடையை மகனிடம் விட்டுவிட்டு அவள் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வருவார். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். விசாரித்துக்கொண்டே உட்கார்ந்து அவரும் படத்தில் விழுந்துவிட்டார். அவருக்கு ஒரே ஒரு சிக்கல்.

"டீச்சர், இதுல யாரு நம்மாளு?"

"உள்ள இருக்கவன் நம்மாளு அண்ணாச்சி. மேல போறவன் எதிரி."

"நேத்துப் படத்துல மேல போனவன்லா நம்மாளு?"

"அது நேத்து. அதுல கேமரா மேல இருந்துச்சு."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கேமரா எங்கன இருக்கோ அங்கனதான் நாமளும்" என்றார். அவள் தலையாட்டினாள். அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் குழம்பவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். டிவிக்குள்ளே மாலுமிகள் மூச்சுவிடாமல் ஒளிந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே காணாமல்போன குழந்தையை அறிவிக்கிறார்கள். "இவ்வளவு சத்தம் போட்டா எதிரிக்குக் கேக்காதா?" என்று அண்ணாச்சி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

இதற்கிடையில் முழங்கால் மடங்கவில்லை. திருநெல்வேலி டாக்டர் தினமும் செய்யச் சொன்ன பயிற்சிகளை அவள் செய்யவில்லை. வலிக்கிறது என்றாள். வலிக்கத்தான் செய்யும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துப் பெரிய மரப் பாகைமானி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் காலோடு வைத்து, "எழுவது டிகிரி இருக்கு. நடக்கதுக்கு எழுவது போதும்" என்றாள். டாக்டர் நூற்றுக்கு மேல் கேட்டார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்ததை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்குள் பயம் வந்தது அப்போதுதான். இவள் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவாள், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், மிச்ச நாளெல்லாம் கடலுக்கடியிலேயே போய்விடும் என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது என் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திய ரயில் ஒன்று வந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குக் கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் போகலாமாம். மலை, அருவி, வழியெல்லாம் குகை. பார்த்துக்கொண்டே இருந்தபோது, அதே ஊர்க் கடற்கரையில் கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றி, மக்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள் என்றும் வந்தது. நான் டிவியை நிறுத்திவிட்டு அவள் எழுந்திருக்கும்வரை காத்திருந்தேன்.

எழுந்ததும் படத்தைக் காட்டினேன். கப்பலைப் பார்த்தாள். உள்ளே ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் வட்டமான இரும்புத் துவாரம். அதன் வழியாகக் குனிந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, அடுத்த காலை மடக்கி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"இதுக்கு எத்தன டிகிரி வேணும்?" என்றாள்.

"நூறாவது இருக்கணும்."

மறுநாள் காலையில் கூடத்தில் முனகல் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "என்ன பாக்கீய? போயி டிக்கெட்டப் போடுங்க" என்றாள். நான் அரக்கு ரயிலுக்கும் சேர்த்துப் போட்டேன். அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் கிளம்பினோம். சென்னைக்கு ஒரு ராத்திரி, அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கு இன்னொரு ராத்திரி. போய் இறங்கியது திங்கட்கிழமை. கப்பலுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஊரிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், பார்க்கவில்லை. கடற்கரைச் சாலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தாள். மணலுக்கு மேலே பெரிய கறுத்த மீன் மாதிரி கிடந்தது. அந்த நேரம் பார்த்து, "நாளைக்கு ஒரு ரயில் இருக்கு" என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தாள். "மரம் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

மரம் வரவில்லை. அடிவாரத்தைத் தாண்டியதுமே பனி இறங்கிவிட்டது. பெட்டியின் கூரை கண்ணாடி, பக்கமெல்லாம் கண்ணாடி, நாற்காலிகூட எந்தத் திசைக்கும் சுழலும். நான் எல்லாத் திசைக்கும் சுழன்று பார்த்தேன். எல்லாத் திசையிலும் வெள்ளை. வெள்ளைக்குள் கொஞ்ச நேரம் போவதும், குகைக்குள் நுழைந்து கறுப்பாவதும், மறுபடி வெள்ளையாவதும்தான் பயணம். "கறுப்பு வெள்ளப் படம்தான் நமக்கு எழுதியிருக்கு" என்றாள். அவள் கேலி பண்ணுவது அபூர்வம். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பெட்டியில் பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொரு குகை வந்ததும் எல்லாரும் சேர்ந்து 'ஓ'வென்று கத்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. இரண்டு குகை பொறுத்தாள். மூன்றாவதில் அவர்கள் வாயைத் திறந்தபோது எழுந்து நின்றாள். கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஒரே ஒரு விரலை உயர்த்தினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

பெட்டி அடங்கிவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. பாறைக்கு உள்ளே வண்டி போகிற சத்தம் முதல் முறையாகக் கேட்டது. சக்கரம், இரும்பு, எங்கோ சுவரில் வழிகிற தண்ணீர். குகை முடிந்து வெளிச்சம் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த குகைக்கு முன்னால் எல்லாரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரலைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அரக்கு வரைக்கும் அதுதான் விளையாட்டு. ஒரு பெண் பக்கத்தில் வந்து, ஆங்கிலத்தில், "மேடம், நீங்கள் என்ன பாடம்?" என்று கேட்டாள்.

"மேத்ஸ்."

"நினைத்தேன்" என்றாள் அந்தப் பெண்.

ஏதோ ஒரு குகையிலிருந்து வெளியே வந்தபோது பனி விலகியிருந்தது. கீழே ஆழத்தில் ஒரு ஓடை, அதன் கரையில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த வயல், எதிர் மலையில் அறுந்த நூல் மாதிரி ஓர் அருவி. ஒருவரும் பேசவில்லை. விரல் இன்னும் இறங்கவில்லை என்பதால் இருக்கலாம். நான் பல வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. அவளைப் பார்த்தேன். அவளும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பனி மூடிக்கொண்டது.

மறுநாள் கப்பல். இரும்புப் படியேறிப் பக்கவாட்டில் வெட்டியிருந்த வாசல் வழியாக உள்ளே போனோம். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வழிகாட்டி. முதல் அறையில் குண்டுகளை ஏவுகிற குழாய்கள். அவற்றின் பக்கத்திலேயே தொங்கும் படுக்கைகள். வட்டத் துவாரம் வந்தது. அவள் கம்பியைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள், மடக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்தாள். பிறகு உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. "வாங்க" என்று அங்கிருந்து குரல் வந்தது.

நானும் போனேன். போனதும் எனக்கு மூச்சு முட்டியது. மேலே குழாய், பக்கத்தில் குழாய், முன்னால் ஆள், பின்னால் ஆள். காற்று இருந்தது, எனக்குப் போதவில்லை. சட்டை நனைந்துவிட்டது. "என்னால முடியல" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் திரும்பினாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "நீங்க வெளிய போயி உக்காருங்க. நான் பாத்துட்டு வாரேன்" என்றாள். அது ஒருவழிப்பாதை. வழிகாட்டி என் தோளைப் பிடித்து, எதிரே வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் சுவரோரம் ஒதுங்கச் சொல்லி, என்னை வந்த வழியே கொண்டுபோய் விட்டார். ஒவ்வொரு பிள்ளையும் என்னை அண்ணாந்து பார்த்தது.

மணலில் உட்கார்ந்திருந்தேன். அவளோடு உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடமும் வெளியே வந்தது. அவள் வரவில்லை. கால் எங்கேயாவது மாட்டிக்கொண்டதோ என்று எழுந்து படிவரை போனேன், ஏற முடியவில்லை. ஒரு வழியாக, பின்பக்கத்து வாசலில் அவள் தலை தெரிந்தது. வழிகாட்டி கீழே இறங்கிக் கையைக் கொடுத்தார். அவள் கையை வாங்கிக்கொள்ளாமல் கம்பியைப் பிடித்தே இறங்கி, என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்தாள் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்பச் சின்னதா இருக்கு. ஒருத்தன் எந்திரிச்சா அந்தச் சூட்டோட இன்னொருத்தன் படுப்பானாம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா படத்துல காட்டுத மாதிரி அமைதியெல்லாம் கெடையாதாம். அந்தாளு சொல்லுதாரு. கடலுக்குள்ள எப்பவும் சத்தம்தானாம். எறா கூட்டமாக் கெடந்தா எண்ணெயில கடுகு வெடிக்க மாதிரி கேக்குமாம். அதக் கேட்டுக்கிட்டேதான் வேலை பாக்கணுமாம்" என்றாள்.

அவளுக்கு ஏமாற்றமா என்று கேட்டேன். இல்லை என்றாள். சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி இத்தனை நாள் தெரியாத ஒன்றைக் கேள்விப்பட்ட மாதிரி முகம் இருந்தது. அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒங்களுக்கு நெஞ்சுப் படபடப்பு நின்னுட்டா?" என்று கேட்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். எதிரே ஒருவன் சுண்டலும் மாங்காயும் விற்றுக்கொண்டு போனான். இரண்டு பொட்டலம் வாங்கினோம்.

ஊருக்கு வந்த வாரம் திருநெல்வேலி டாக்டரிடம் போனோம். அவர் காலை மடக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். திரும்பவும் மடக்கிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே. என்ன பண்ணுனீங்க?"

"நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள போனேன்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வெளியே அவருக்காக நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

"சரி, விடாமப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார்.