வெளியே வராத சத்தம்

சேலத்தில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். வீடு சங்ககிரியில். கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நூல் மில்லுக்கும் தறிப் பட்டறைக்கும் பஸ்ஸில் போய்வரும் பெண்களுக்கு வழியில் என்னென்ன நடக்கிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்று சில வருடங்களாக மூன்று பேர் சேர்ந்து ஆய்வு செய்கிறோம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர், மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் ஒருவர், அப்புறம் நான். பெண்களோடு உட்கார்ந்து பேசுவதும், அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பங்கு.

"மேல கை பட்டா மொதல்ல சத்தம் போடோணும்" என்று சொல்லித்தருவேன். எல்லோரையும் சேர்ந்து கத்த வைப்பேன். துப்பட்டாவால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே கத்துவார்கள்.

ஒரு நாள் எங்கள் ஆய்வுக் கூட்டத்துக்காகக் காலையில் சேலம் பஸ் ஏறினேன். முகூர்த்த நாள், நிற்கவே இடமில்லை. இடுப்பில் ஏதோ உரசியது. யாருடைய பையோ என்று நினைத்தேன். பை இல்லை. கை.

எனக்குச் சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. கைப்பையை நடுவில் வைத்துக்கொள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கம்பியைப் பிடித்திருந்த கை இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் எங்களை இடித்துக்கொண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். மகுடஞ்சாவடியில் பஸ் நின்றதும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டேன்.

இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், அன்று என்ன சேலை கட்டியிருக்கிறேன் என்று குனிந்து பார்த்தது. கட்டும் துணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவள் நான். அந்த ஒரு பார்வைக்காக எனக்கு ஏற்பட்ட கூச்சம், அந்தக் கையினால் ஏற்பட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த பஸ் பிடித்துத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இன்ஸ்பெக்டர் பேசிக்கொண்டிருந்தார். "பாதிக்கப்பட்டவங்க யாரும் ஸ்டேஷனுக்கு வர மாட்டேங்கறாங்க. ஏன்னு மேடம்தான் சொல்லணும்."

நான் எழுந்து சொன்னேன். வீட்டாருக்குப் பயம், வேலை போய்விடும் என்ற பயம், ஊர் பேசும் என்ற பயம். வழக்கம்போலச் சரளமாகச் சொன்னேன். வந்திருந்த அதிகாரிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். உட்காரும்போது சேலை முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு வேளையில் டாக்டரம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "ஏன் டப்பாவைத் திறக்கவே இல்ல?"

சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பயத்துல உடம்பு அப்படியே உறைஞ்சு போயிடும். அது உங்க தப்பு இல்லம்மா" என்றார்.

"தெரியும் மேடம். நான் பாடமே நடத்தறேன். ஆனாலும் வெக்கமா இருக்கு."

அவர் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டரை அழைத்தார். "புகார் எழுதிக்கலாமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காலையில் நான் கூட்டத்தில் அடுக்கிய காரணங்களில் ஏதோ ஒன்று என்று புரிந்திருக்கும்.

அதன்பிறகு பயிற்சியை மாற்றினோம். கத்து என்று பெண்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டோம். கூட நிற்பவர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும் என்ன செய்ய வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். பரமத்தி வேலூரில் ஒரு மண்டபத்தில் டிரைவர், கண்டக்டர்களைக் கூட்டி முதல் வகுப்பு. 'ஒரு பெண்ணுக்கு நடந்தது' என்று என் கதையைத்தான் சொன்னேன்.

கொஞ்சம் வயதான கண்டக்டர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, அந்தப் புள்ள ஒரு சத்தம் குடுத்திருந்தா நாங்க உடுவமுங்களா?"

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், "அது நான்தானுங்க. சத்தம் வரலீங்க" என்றேன்.

கேட்டவர் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஏதோ துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது. தைரியம் என்று இன்ஸ்பெக்டர் பிறகு பாராட்டினார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் பேச்சு லாரியைவிட வேகமாகப் போகும். அந்த வாரக் கடைசியிலேயே பட்டறைக்கு வந்த யாரோ என் கணவரிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"மண்டபத்துல அத்தன பேர்த்துகிட்டச் சொன்னயாமா. எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா?"

"உங்ககிட்டச் சொல்றதுக்குத்தானுங்க ரொம்பக் கூச்சமா இருந்துச்சு."

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். "உன்னையத் தப்பா நெனைக்கற ஆளாட்டவா நான் தெரியறேன்?" என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

மறுநாளிலிருந்து அவரே பைக்கில் கல்லூரி வரை கொண்டுவந்து விட்டார். பட்டறையில் வேலை தேங்கியபோதும் விட்டார். நானும் ஏறி உட்கார்ந்தேன். கொண்டுவிட ஆளில்லாத மில் பெண்கள் நிற்கும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் இது நடந்தது.

மழை பெய்த ஒரு காலையில், "இன்னிக்கு நான் பஸ்ஸுல போய்க்கறேனுங்க" என்றேன்.

"பயமா இல்லையா?"

"இருக்குதுங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து வந்தார்.