இருபதாவது பிள்ளை

மாலை வகுப்பு எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்: பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை மறுபடி உட்கார வைப்பதைவிட, துள்ளுகிற ஆட்டுக்குட்டிக்குத் தலை வாரிவிடுவது சுலபம். "நீங்கள் பேசாதீர்கள், பிள்ளைகளைச் செய்யவும் பேசவும் விடுங்கள்" என்று பயிற்சியில் சொன்னார்கள். அதை அப்படியே நம்பி, மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு மாலை வகுப்பு மையம் ஆரம்பித்தேன்.

நீளமான பொருள்

"நாளைக்கு ஆளுக்கு ஒரு நீளமான பொருள் கொண்டு வாங்க, அளக்கலாம்" என்றேன். கயிறு, குச்சி வரும் என்று நினைத்தால், இருபது பேரும் ஆளுக்கொரு கரும்போடு வந்து நின்றார்கள். ஆலைக்குப் போகிற டிராக்டருக்குப் பின்னால் ஓடி உருவியது! திட்டத்தான் திட்டினேன். ஆனாலும் வந்த கரும்பை விடுவானேன்? அளந்தோம். பாதி, கால், அரைக்கால் என்று ஒடித்துப் பின்னமும் படித்தோம். டிராக்டர்காரர் தேடிக்கொண்டு வந்தபோது பாடம் முழுக்கச் சக்கையாகக் கிடந்தது. அவர் கும்பிட்டுக் கேட்டார்: "டீச்சரு, நாளைக்கு இன்னா பாடம்னு சொல்லிடுங்க, நான் வேற ரோட்ல பூட்றேன்."

பூமி விழுந்தது

இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள். என்னிடம் இருந்ததே சரியாக இருபது.

அன்றைக்குப் பாடம் சூரியனும் கோள்களும்; பிள்ளைகளே அவையாக நடித்தார்கள். பூமியாகிய பொன்னி தன்னையும் சுற்றி, சூரியனையும் சுற்றி, தலைசுற்றிப் பொத்தென்று விழுந்தாள். கரும்பு வெட்டிவிட்டு அந்த வழியாகப் போன அவள் அம்மா செல்வி அதை மட்டும் சரியாகப் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார்: "படிக்க அனுப்பனா தல சுத்தி வுழுந்து கெடக்குறா. நாளைலேர்ந்து இவ வர மாட்டா."

ஜோடிப் பேச்சு

ஒரு கேள்வி கொடுப்பேன். முதலில் தனியாக யோசிக்க வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாகப் பேச வேண்டும். எங்கள் வகுப்பில் தினமும் இது உண்டு. இந்த ஜோடிப் பேச்சு இல்லாமல் பொன்னி நான்கு நாள் வீட்டில் இருந்தாள். நான் பத்தொன்பது பேரைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் செல்வி அக்கா அவளைத் தரதரவென்று இழுத்து வந்தார். "இவள நீங்களே வச்சிக்கங்க!"

இருபது! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, "ஏன்க்கா?" என்றேன்.

"என்னையும் அவங்கப்பாவையும் எதிரெதிரா குந்த வச்சி, 'கொழம்புல ஏன் உப்பு கம்மி, ஜோடியா பேசுங்க'ன்றா. பதினாலு வருசமா சண்டதான் போட்டுக்கினு இருந்தோம், அன்னிக்கிதான் ஒக்காந்து பேசனோம். அந்த மனுசன் இன்னும் நிறுத்தல டீச்சரு, பேசிக்கினே கீறாரு!"

பேச வைப்பதற்கு எங்களுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்தவர்கள், நிறுத்துவதற்கு அரை நாளாவது கொடுத்திருக்கலாம்.