தொடலாமா என்று கேட்ட கை

மைசூருக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சல் மூட்டியது ஒரே ஒரு கேள்விதான். அக்ரஹாரத்தில் பால் வாங்கப் போனாலும் பூ வாங்கப் போனாலும், "திண்டி ஆய்த்தா?" காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். என் மகள் யாழினிக்குப் பெருமூளை வாதம். நாலு வயதாகியும் உதடு மூடாது, நாக்கு சொன்னபடி கேட்காது. ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போக ஒன்றரை மணி நேரம். விழுங்குவது சரிப்படாவிட்டால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்பவரிடம் என்னத்தைச் சொல்ல?

எங்கள் ஊர் ஈரோட்டில் பிள்ளையைக் காலில் படுக்கப்போட்டு வாயில் ஊற்றிவிடுவோம். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் வளர்ந்தது. யாழினிக்கும் ஊற்றினேன், புரையேறிப் புரையேறி இரண்டு தடவை நிமோனியாவில் கிடந்தாள்.

விழுங்கப் பயிற்சி கொடுக்க வந்த சௌம்யா முதலில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தாள். பிறகு உள்ளங்கையைக் காட்டி, "முட்லா, புட்டி?" என்றாள். தொடட்டுமா குட்டி என்று கேட்கிறாளாம், பேசாத பிள்ளையிடம்! யாழினி கண் சிமிட்டும்வரை காத்திருந்தாள். அப்புறம்தான் விரல் கன்னத்திலிருந்து உதட்டோரத்துக்கு மெல்ல நகர்ந்தது.

இதைத்தானே எண்ணெய்க் குளியலில் செய்கிறோம் என்று, வீட்டில் அவள் கன்னத்திலும் உதட்டோரத்திலும் நல்லெண்ணெய் வைத்து நானே அழுத்தித் தேய்த்துவிட்டேன். நல்லாத் தேய்த்தால்தானே உடம்பு தேறும்! மறுநாள் கையைக் கிட்டே கொண்டுபோனாலே பல்லைக் கடித்துக்கொண்டாள். செய்ததைச் சௌம்யாவிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். "பரவாகில்லா அக்கா. வாய் அவளோடதுதானே? கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள் சௌம்யா. பாதத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். மூன்று வாரம் வாய்ப்பக்கமே போகவில்லை. அந்தப் பொறுமைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கரண்டி ராகிக் கஞ்சியை யாழினி உதடு மூடி வாங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமலே இல்லை. அடுத்த முறை பார்த்த டாக்டர் குழாய்ப் பேச்சைத் தள்ளிவைத்தார்.

தீபாவளிக்கு ஈரோடு போனோம். என் கணவரின் அக்கா பழக்கதோஷத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "கொண்டா கண்ணு, நான் ஊத்தறேன்" என்றார்.

"வேண்டாங்க அண்ணி! முதல்ல அவளைக் கேக்கணும்."

நான் யாழினியை நிமிர்த்தி உட்காரவைத்து, உள்ளங்கையைக் காட்டிக் கேட்டு, அவள் கண் சிமிட்டும்வரை காத்திருந்தேன். மூன்று விரலால் தாடையைத் தாங்கி, அவள் விழுங்கும்வரை அவசரப்படாமலிருக்க ஒவ்வொரு வாய்க்கும் சௌம்யா எண்ணுவதுபோலவே கன்னடத்தில் எண்ணினேன்: ஒந்து, எரடு, மூரு. பாதிக் கிண்ணம் இறங்கிவிட்டது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, தமிழ்ல எண்ணுனா புள்ளைக்கு எறங்காதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தேன். பிறந்த ஊரில், பிறந்த மொழியில், என் விரல்கள் தடுமாறி நின்றன. யாழினி என்னையே பார்த்தாள்.

"ஒந்து" என்றேன். வாயைத் திறந்தாள்.