கம்ப்யூட்டர் ஆபீசர்

இன்று காலை கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று சைரன் போட்டது. திரை முழுக்கச் சிவப்பு. வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள், இல்லையென்றால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு மிரட்டல்.

தங்கையின் கல்லூரி ப்ராஜெக்ட் அதில்தான் இருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும். அவள் அழுததைப் பார்த்து அப்பா அந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார்.

நான் உள்ளே வந்தபோது, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார். சொல்லுங்க சார்."

"யாருப்பா?"

"கம்ப்யூட்டர் ஆபீசருடா. இன்னாமோ ஆப் ஏத்தச் சொல்றாரு. கம்முனு இரு."

நான் நெட்டைத் துண்டித்து, அந்தப் பக்கத்தை மூடினேன். சைரன் நின்றது. ப்ராஜெக்டைத் திறந்து காட்டினேன். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"வைரஸே இல்லப்பா. ஆப்ப ஏத்தியிருந்தாதான் வந்திருக்கும். அவன் திருடன்."

போனில் அவன் இன்னும் அதட்டிக்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாடா, என் வூட்டுலயே என்னை நிக்க வெச்சி மெரட்டிக்கினு கீறியா? வைடா போன."

அதற்குப் பிறகு சொன்னதை இங்கே எழுத முடியாது.

எந்த ஆபீசுக்குப் போனாலும் நிற்கவைத்தே பேசிப் பேசி, அதட்டுகிறவன் எல்லாம் அதிகாரி என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். திருடனுக்கு அது போதும்.

பட்டா மாற்ற அப்பா நாளை தாலுகா ஆபீஸ் போகிறார். அங்கேயும் இதே குரலில் பேசுவாரா? பந்தயம் கட்டுகிறவர்கள் கமெண்டில் வாருங்கள்.