எட்டுச் செலவில் வைத்த சூப்

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து எட்டாம் நாள், அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். எட்டுச் செலவு என்பது அதைத்தான். என் கணவருக்கு என்னென்ன வைப்பது என்று அவருடைய அக்கா வந்து கேட்டபோது, நான் கோப்பாய் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஏழு நாளாக எனக்கு அழுகை வரவில்லை. வெங்காயத்துக்குக்கூட வரவில்லை.

"கணவாய்க் கறி, ஒடியல் கூழ், முட்டைப் பொரியல்," என்று மச்சாளே விரல் மடித்தார்.

"சூப்பும் வைக்கவேணும் மச்சாள்."

"உந்த ஜேர்மன் சூப்போ? படையலிலையோ?"

"ஓம்."

மச்சாள் வாதாடவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளோடு எட்டு நாளைக்கு யாரும் வாதாடுவதில்லை.

அவர் பதினெட்டு வருடம் ஜேர்மனியில், ஒரு மலைக் கிராமத்துச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நின்றவர். திரும்பி வந்த வருடம் எனக்குக் கடும் காய்ச்சல். எதை வாயில் வைத்தாலும் கசந்தது. அவர் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் மூன்றையும் அவித்து, பாதியை மசித்து, மிளகு போட்டு, இறக்கும்போது புளிப்புக்கு ஒரு கரண்டி வினாகிரி விட்டுக் கொண்டுவந்தார். தேங்காய்ப்பால் இல்லை, கறித்தூள் இல்லை, தாளிதம் இல்லை.

"உது வருத்தக்காரரின்ரை சாப்பாடு," என்றேன்.

"நீர் இப்ப வருத்தக்காரிதானே," என்றார்.

காய்ச்சல் விட்ட பிறகும் சனிக்கிழமை தோறும் அதையே காய்ச்சினார். அந்த ஊரில் நிலம் உழுகிற கமக்காரர் வீடுகளில் குளிருக்கு இதுதான் சாப்பாடு என்பார். கோப்பாய் வெயிலில் என்ன குளிர் என்று நான் நக்கலடிப்பேன். தன் பங்கில் மட்டும் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவார். "ஜேர்மன்காரர் உப்பிடியோ சாப்பிடுறவை?" என்றால் சிரிப்பார்.

உண்மையில் எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. உருளைக்கிழங்குக்கென்று தனியாக ஒரு ருசி உண்டு என்பது ஐம்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அதைத் தூளுக்குள் புதைத்தே தின்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே நாளைக்குச் சூப் என்ற நினைப்பு வந்துவிடும். கடைசித் துளியையும் பேக்கரிப் பாண் துண்டால் வழித்துவிட்டு, "என்ன சூப்போ" என்று கோப்பையைத் தள்ளுவேன். நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மனிதருக்காகச் சகித்துக்கொள்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம்.

அதனால்தான் எட்டுக்கு அதை நானே காய்ச்சினேன். அவருக்கு இனிச் சொல்ல முடியாததை ஒரு சட்டியிலாவது வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. உப்பைக் கைக்கணக்கில் போட்டேன்.

படைத்து, காகத்துக்கு வைத்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, செத்தவீட்டுக்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி அந்தச் சட்டியைப் பார்த்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர்.

"அண்ணி, உதை ஆர் வைச்சது?"

"நான்தான். உங்கடை அண்ணைக்குப் பிடிச்சது."

"அண்ணைக்கோ? அவருக்கு உதைக் கண்ணிலை காட்டக்கூடாது. கடையிலை அண்டா அண்டாவாக் காய்ச்சிப்போட்டு, அறைக்கு வந்து சோறும் சம்பலும்தான் தின்னுறவர். மணமே பிடிக்காது."

"பிறகேன் இஞ்சை ஒவ்வொரு சனிக்கிழமையும்?"

"நானும் போனிலை கேட்டனான். 'மனிசி கோப்பையை வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறா, வாயாலை மட்டும் சொல்லமாட்டா' எண்டார்."

அவர் எனக்காகச் செய்தார். நான் அவருக்காகச் சகிப்பதாக நடித்தேன். எனக்கு என்மேல் கோபம் வந்தது. எட்டு நாளில் முதன்முதலாக வந்தது அதுதான்.

படையலில் இருந்த சூப்பைக் கோப்பையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குடித்தேன். ஆறிப்போயிருந்தது. உப்புக் காணாது. வினாகிரி விட மறந்திருந்தேன். அடியில் இருந்ததைப் பாணால் வழித்தேன்.

"நல்லாயிருக்கு," என்றேன்.

மச்சாள் கறிச் சட்டியோடு திரும்பிப் பார்த்தார். அதை இறக்கிவைத்துவிட்டு, சூப்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.