அக்காவின் பெயரில் ஒரு வேலை

கம்பெனியில் யாராவது "கமலா" என்று கூப்பிட்டால் மணியம்மை உடனே திரும்பமாட்டாள். ஒரு மூச்சு விட்டுத்தான் திரும்புவாள். பல வருஷமாக இப்படித்தான். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று கூட வேலை செய்யும் பெண்கள் நினைத்தார்கள். "இன்னாக்கா, காதுல பஞ்சு வெச்சிக்கினு தைக்கிறியா?" என்பாள் பத்மா. மணியம்மையும் சிரித்து வைப்பாள்.

காதில் ஒரு குறையும் இல்லை. கமலா என்பது அவளுடைய அக்காவின் பெயர்.

அரக்கோணம் போகும் சாலையில் அந்தத் தையல் கம்பெனி திறந்தபோது திருத்தணி முழுக்க அதே பேச்சு. மணியம்மை எட்டாவதோடு நின்றவள். பக்கத்து வீட்டு மெஷினில் உட்கார்ந்து தானாகவே பழகி, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி என்றால் பத்தாவதாவது கேட்பார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். போய் விசாரிக்கக் கூச்சம். அக்கா பத்தாவது பாஸ். கல்யாணமாகி, ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருந்த வீட்டில் இருந்தாள். "பெட்டியில கெடந்து பூச்சி அரிக்குது, எடுத்துகினு போடி" என்று சர்டிபிகேட்டைக் கொடுத்ததே அவள்தான். அடையாள அட்டையையும் கூடவே கொடுத்தாள். இருவருக்கும் ஒரே முகச்சாடை.

மேனேஜர் சந்திரமோகன் துணியைக் கொடுத்துக் காலர் வைக்கச் சொன்னார். பின்னால் நின்று பார்த்தார். முடித்ததும் காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

"நாளைக்கே வந்துடும்மா."

அவள் சர்டிபிகேட்டை நீட்டினாள்.

"இத யாரு கேட்டா? எனக்குக் கை ஓடினா போதும். சரி, கொண்டாந்துட்ட, அங்க குடு. பேர எழுதிக்கட்டும்."

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தாள். அதற்குள் பக்கத்து மேசையில் இருந்தவர் "கமலா" என்று எழுதி முடித்துவிட்டார். எழுதியதை அடிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு பி.எஃப்., பேங்க் கணக்கு எல்லாமே அந்தப் பெயரில்தான். கையெழுத்து தேவைப்பட்டால் அக்கா பஸ் ஏறி வந்து போட்டுவிட்டுப் போவாள். "பேரு என்னுது, ஒழைப்பு உன்னுது, கெட்டிக்காரிடி நீ" என்று சிரிப்பாள். சம்பளம் எடுக்கும் ஏ.டி.எம். கார்டு தங்கையிடம் இருக்கும். மணியம்மையின் கை நன்றாக ஓடியது. புது டிசைன் வந்தால் முதல் சட்டையை அவள்தான் தைப்பாள். பிறகு ஒரு வரிசை மெஷின்களுக்கு அவளையே சூப்பர்வைசராகப் போட்டார்கள்.

போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம் அக்கா வந்தாள். அக்காவின் கணவர் பாவா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தறிகளை விற்றாகிவிட்டது.

"மணி, ஒங்க கம்பெனியில படிப்பே கேக்கமாட்டாங்களாமே? பஸ்ஸுல பேசிகினாங்க. எனக்கும் மெஷின் ஓட்ட வரும். கொஞ்சம் சொல்லி வெய்யேன்."

மணியம்மை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அக்காவுக்கும் மெல்ல உறைத்தது.

"ஆங்... நான்தான் ஏற்கெனவே அங்க வேல செஞ்சிகினு இருக்கேன் இல்ல?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அப்போ உன் பேருல நான் சேர்ந்துடட்டா?"

"வேணாங்க்கா. செஞ்ச ஒண்ணே போதும். நான் சாரைக் கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் சந்திரமோகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா, சர்டிபிகேட் வேணாம்னு. உன் பேரையே சொல்லியிருந்தா எடுத்திருக்கமாட்டேனா?"

"பயந்துட்டேன் சார்."

"இப்போ மாத்தணும்னா மெட்ராஸ் ஆபீசுக்கு எழுதணும். ஆள்மாறாட்டம்னுவாங்க. உன் வேல போயிடும், தெரிஞ்சும் வெச்சிருந்தேன்னு என்னுதும் போயிடும். நீ சொல்லல, நான் கேக்கல. உன் அக்காவ மட்டும் இந்தப் பக்கம் கூட்டிகினு வராத."

வேலையே வேண்டாம், அக்காவுக்கு வழி விடுகிறேன் என்று சொல்லத்தான் உள்ளே போயிருந்தாள். ஆனால் வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நூல் அறுந்துபோன ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனாள்.

அக்காவிடம், "இப்போதைக்கு ஆள் எடுக்கலையாம்" என்று சொன்னாள். அது பொய் என்று அக்காவுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

இப்போது கமலா பொதட்டூர்பேட்டையில் ஒருவர் வீட்டில் தறிக்கு நூல் சுற்றுகிறாள். மணியம்மை கம்பெனிக்குப் போய்வருகிறாள். புதிதாக வரும் பெண்களின் தையலைப் பார்த்து வேலைக்கு எடுப்பதும் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. அக்கா திருத்தணிக்கு வந்தாலும் முன்போல் தங்குவதில்லை. சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறாள்.